அம்மம்மாவின் சேலையோடு வெளியே போனால் முன்பின் தெரியாதவர்கள் படம் எடுக்கிறார்கள். என்ன சொல்வது?

ஆரையூர்ப் பெண் எழுதியது:

வணக்கம். எனக்கு வீடு ஆரையம்பதியில், வேலை மட்டக்களப்பு நகரில். இரண்டு வருடங்களாக, வாரத்தில் ஒரு நாளாவது என் அம்மம்மாவின் பழைய சேலைகளில் ஒன்றை உடுத்திக்கொண்டு வெளியே போகிறேன். 1964 இல் அவர் கலியாணம் முடித்த நாள் தொடக்கம் எழுபதுகளின் நடுப்பகுதி வரை சேர்த்தவை அவை. பெரும்பாலும் மெல்லிய வொயில் சேலைகள், இரண்டு மருதமுனைக் கைத்தறி, ஒரேயொரு பட்டு. சட்டைகளும் அவருடையவைதான், கை முழங்கை வரை நீண்டு, கழுத்தோரம் லேஸ் வைத்துத் தைத்தவை. அவற்றைப் போடும் நாளில் கொண்டையும் அந்தக் காலத்து முறையிலேயே முடிந்துகொள்வேன், ஏனென்றால் கூந்தலை விரித்துவிட்டால் அந்தக் கழுத்து வெட்டு எடுபடுவதில்லை.

1978 நவம்பர் சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போனது. சுவரில் மாட்டியிருந்த படங்களும் அல்பமும் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிட்டன. கட்டிலுக்குக் கீழே கிடந்த றங்குப்பெட்டி மட்டும் தப்பியது. ஆகவே எங்களிடம் சேலைகள் இருக்கின்றன, அவற்றை உடுத்திய அம்மம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. நான் அவற்றை உடுத்தத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம். மற்றக் காரணம், அவை எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன என்பதுதான்.

மூன்று கிழமைக்கு முன், மாலையில், பழைய கல்லடிப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தேன். புதிய பாலம் 2013 இல் திறந்த பின்னர் பழையதில் வாகன நெரிசல் இல்லாததால், காற்று வாங்குவதற்கும் படம் எடுப்பதற்கும் ஆட்கள் அங்கேதான் வருகிறார்கள். முதலில் ஓர் இளம் தம்பதி வந்து, சேலை அழகாக இருக்கிறது, ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டார்கள். நான் சந்தோசமாக நின்று கொடுத்தேன். அதன் பிறகுதான், சற்றுத் தள்ளி மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற ஒருவர் என்னை வெகுநேரமாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். நான் பார்த்ததும் அவர் கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, பேசுவதுபோல் திரும்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து, முகநூல் பக்கம் ஒன்றில், "பழைய படத்திலிருந்து இறங்கி வந்த அக்கா" என்ற தலைப்போடு என் முகம் இருந்தது. கீழே எழுதியவர்களில் பாதிப் பேர் பாராட்டியிருந்தார்கள். மீதிப் பேர் இது வறுமையா வேசமா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்ப்பதில் எனக்கு வருத்தமில்லை. பார்க்க வேண்டாம் என்று நினைப்பவள் இப்படி உடுத்திக்கொண்டு பாலத்தில் நடக்க மாட்டாள், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டு எடுத்த படத்துக்கும் ஒளித்து எடுத்த படத்துக்கும் இடையில் எனக்குள் ஏற்பட்ட வேறுபாடு மிகப் பெரிது. ஒளித்து எடுப்பவரை அந்த இடத்திலேயே கண்டால் என்ன சொல்லலாம்? உங்களில் யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?


வெட்டொன்று எழுதியது:

பொது இடத்தில் எல்லோருடைய கண்ணையும் இழுக்கும்படி உடுத்திவிட்டு, கண்கள் வந்ததும் முறையிடுவது பொருந்தவில்லை. படம் வேண்டாமென்றால் சாதாரணமாக உடுத்துங்கள்.


கமராக் கண் எழுதியது:

மேலே எழுதியவருடன் நான் உடன்படவில்லை. ஆயினும் வீடியோ எடுத்தவரின் பக்கத்துக்கு மிக அருகில் நிற்பவன் என்பதால் என்னால் முடிந்தவரை நேர்மையாக எழுதுகிறேன். நான் கல்முனையைச் சேர்ந்தவன். சந்தை, மீன்வாடி, கோயில் திருவிழா என்று பத்து வருடங்களாகப் படம் எடுத்து வருகிறேன். கேட்டுவிட்டு எடுத்தால் அந்தக் கணம் போய்விடும் என்பது எங்கள் பொதுவான சமாதானம். அதில் உண்மை இல்லாமலில்லை. கமராவைக் கண்டவுடன் மீன் வெட்டுகிறவர் கூடக் கத்தியை வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொள்வார். அதனால் நான் முதலில் எடுப்பேன், உடனே அருகில் போய்க் காட்டுவேன், வேண்டாமென்று சொன்னால் அவருடைய கண்முன்னே அழித்துவிடுவேன். வேண்டாமென்று சொன்னவர்கள் மிகக் குறைவு. காட்டாமல் நழுவுகிறவன், தான் செய்வது சரியில்லை என்பதைத் தானே அறிந்தவன். காதில் வைத்த அந்தக் கைத்தொலைபேசி அதற்குச் சாட்சி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய இலங்கைத் தபாலட்டைகளைச் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயங்கிய ஸ்கோவன், 1890 இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே போன்ற நிலையங்கள் நம் நாட்டுப் பெண்களைச் சேலையோடும் நகையோடும் நிறுத்தி எடுத்த படங்களின் கீழே "தமிழ்ப் பெண்" என்று மட்டும் அச்சிட்டு விற்றன. பெயர் இருக்காது, ஊர் இருக்காது. அந்த அட்டைகளில் உள்ள சேலைக் கட்டையும் மூக்குத்தியையும் இன்றைக்கும் வியந்து பார்க்கிறோம். அந்தப் பெண் யாரென்று யாராலும் சொல்ல முடியாது. உங்களுடைய படத்துக்கு "இறங்கி வந்த அக்கா" என்று தலைப்பிட்டதை வாசித்தபோது எனக்கு அந்த அட்டைகள்தான் நினைவுக்கு வந்தன. உடுப்புப் பழையதாக இருந்தால் உள்ளே இருப்பவரும் ஒரு காட்சிப் பொருள் என்று எங்களில் பலர் எண்ணிவிடுகிறோம். நானும் எண்ணியிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: கோபப்படாமல் நேரே போய், "என்னைத்தானே எடுத்தீர்கள், எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்" என்று கேளுங்கள். நல்ல எண்ணத்தோடு எடுத்தவர் உடனே வட்ஸ்அப் இலக்கம் கேட்பார் (இலக்கம் கொடுக்க விருப்பமில்லாவிட்டால் மின்னஞ்சலைக் கொடுங்கள்). மற்றவர் தடுமாறுவார்.


தறிக்காரன் மகன் எழுதியது:

நான் மருதமுனை. வாப்பாவும் மூத்தவாப்பாவும் தறியில் இருந்தவர்கள். இப்போது வீட்டில் ஒரு தறிதான் ஓடுகிறது. அந்த இரண்டு கைத்தறிச் சேலைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. கரையின் ஓரமாக, சிறிது இடைவெளி விட்டு, ஊசிமுனை அளவில் துளைகள் வரிசையாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெய்யும்போது துணி உள்ளே சுருங்காமல் அகலத்துக்கு இழுத்துப் பிடிக்கும் கோலின் முனைகள் குத்திய அடையாளம் அது.

இனி விசயத்துக்கு வருகிறேன். பழைய சேலை உடுத்தியவரை எடுக்கிறவர்கள் எல்லோரும் ஆளை எடுப்பதில்லை. சிலர் சேலையை எடுக்கிறார்கள். கரையில் இருக்கும் கோலத்தை, முந்தானைக் கோட்டின் வரிசையை, நிறச் சேர்க்கையை எடுத்துக்கொண்டு போய், இதுபோல நெய்து தா என்று கேட்பார்கள்; அல்லது அதைவிட மலிவாக அச்சடித்து விற்பார்கள். நானே இந்தக் குற்றத்தைச் செய்திருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன், அக்கரைப்பற்று பஸ்ஸில் முன் இருக்கையில் இருந்த ஒரு வயதான தாயின் சேலைக் கரையில், எங்கள் தறிகளில் இருந்து மறைந்துபோன கட்டம் ஒன்றைக் கண்டேன். தோளுக்குப் பின்னால் இருந்து மூன்று படம் எடுத்தேன். அவருடைய முகம் அதில் விழவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இறங்கும்போது அவர் திரும்பி, "என்ன மனே, சீலை நல்லாருக்கா?" என்று கேட்டார். பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு முகம் கறுத்துவிட்டது. கேட்டிருந்தால் முந்தானையை விரித்தே காட்டியிருப்பார். பாவு (நெடுக்கு நூல்) எத்தனை, ஊடை (குறுக்கு நூல்) எத்தனை என்று எண்ணியும் பார்த்திருக்கலாம். ஒளித்து எடுத்த அந்த மூன்று படங்களிலும் மடிப்பைத் தவிர வேறொன்றும் தெளிவாக இல்லை.

ஆகவே அடுத்த முறை யாராவது எடுத்தால், "என்னையா, சேலையையா?" என்று கேட்டுப் பாருங்கள், தங்கச்சி. சேலையை என்றால் அவர் என்னைப் போன்ற ஒரு மடையனாக இருக்கக் கூடும்.


கோட்டைமுனை அன்ரி எழுதியது:

மகள், நாங்கள் மட்டக்களப்புப் பறங்கியர், போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்தவர்கள். எங்களுடைய கலியாண வீடுகளில் பெண்கள் நீண்ட கவுணும் ஆண்கள் கோட்டும் போட்டு, கப்ரிஞாவும் லான்சர்ஸும் ஆடுவதைப் பார்க்க அழைப்பில்லாதவர்களும் வாசலில் வந்து நிற்பார்கள். ஆராய்ச்சி என்று வருவார்கள், தொலைக்காட்சி என்று வருவார்கள். எங்களுடைய போர்த்துக்கேயக் கலப்பு மொழியான கிரியோலில் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று கமராவை வாய்க்கு அருகில் நீட்டுவார்கள். சின்ன வயதில் எனக்கு இது பெருமையாக இருந்தது. பிறகு ஒரு நாள், என் தாயாரின் வெள்ளைக் கவுணைத் திருத்தி நான் போட்டுக்கொண்டு நின்ற படம் ஒன்றை, எங்கோ ஒரு விளம்பரத்தில், எங்களுக்குத் தெரியாமலே கண்டோம். என் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு ஏனோ சிரிக்க வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். கமராவோடு வருகிறவர் முதலில் இருந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டு, யாருடைய பிள்ளை, எந்த ஊர் என்று நாங்கள் கேட்டு முடித்த பின்னரும் அவருக்குப் படம் எடுக்க மனமிருந்தால் எடுக்கலாம். பாலத்தில் நின்று சோறு போட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எந்த ஊர் என்று கேட்பதற்குச் சோறு தேவையில்லை. கேட்டுப் பாருங்கள்.

வெட்டொன்று என்பவருக்கு: அந்தக் காலத்தில் எல்லோரும் உடுத்திய வொயில் சேலையை அசாதாரணம் என்று எப்போது தீர்மானித்தீர்கள், தம்பி?


சட்டப் பார்வை எழுதியது:

நான் சட்டத்தரணி, இங்கே எழுதுவது பொதுவான விளக்கமே தவிர, உங்களுடைய விடயத்துக்கான ஆலோசனையாகக் கொள்ள வேண்டாம். பாலம், கடற்கரை, சந்தை போன்ற பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுப்பதையே குற்றமாக்கும் பொதுவான சட்டம் இலங்கையில் இல்லை. அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்திலும் அந்தரங்க உரிமை தனியான உரிமையாக எழுதப்படவில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பலர் எடுத்துக் காட்டுவார்கள். ஒருவர் முற்றிலும் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்கு அந்தச் சட்டம் ஏற்புடையதாகாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எடுத்த விதமும் பயன்படுத்திய விதமும் வேறு கதை. பாலியல் ரீதியாகத் தொந்தரவு தரும் சொல்லோ செயலோ இருந்தால், 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு பொருந்தலாம். அதற்கு ஐந்து வருடங்கள் வரை சிறைத்தண்டனை உண்டு. பின்தொடர்ந்து வந்து எடுப்பது, உடலின் பகுதிகளை நெருக்கி எடுப்பது, அவற்றுக்கு ஆபாசமாகத் தலைப்பிட்டுப் பரப்புவது போன்றவற்றை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கத்தை அழைக்கலாம். ஒருவரின் கண்ணியத்தை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால், நம் நாட்டில் இன்னும் வழக்கில் உள்ள உரோம டச்சுச் சட்டத்தின் கீழ் குடியியல் வழக்கொன்றும் சாத்தியம். ஆனால் முகநூல் படமொன்றுக்காக அந்தப் பாதையில் போகுமாறு நான் யாருக்கும் சொல்வதில்லை, செலவும் காலமும் தாங்காது.

பொதுவாகப் பிழையாக விளங்கிக்கொள்ளப்படும் ஒன்று: படத்தில் இருப்பது உங்கள் முகமானாலும், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை பொதுவாக எடுத்தவருக்கே உரியது. ஆகவே "அது என்னுடைய படம்" என்று கேட்பதைவிட, "என் சம்மதம் இல்லாமல் என் முகத்தைப் போட்டிருக்கிறீர்கள்" என்று எழுதுவதும், அதே காரணத்தைக் காட்டி முகநூல் நிறுவனத்துக்கு முறையிடுவதும் பலன் தரும். அதற்கு முன்னர் பக்கத்தின் முகவரி, திகதி, கீழே எழுதப்பட்டவை ஆகியவற்றைத் திரைப்பிடிப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். நீக்கிய பின்னர் சான்று தேடி அலைய வேண்டியிருக்காது.


ஆரையூர்ப் பெண் மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சட்டப் பார்வை சொன்னபடி திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துக்கு இரண்டு வரி எழுதினேன். மறுநாள் நீக்கிவிட்டார்கள், மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அதற்குள் வேறு இரண்டு பக்கங்கள் அதை எடுத்துப் போட்டிருந்தன. ஒன்று என் முறைப்பாட்டின் பின் போய்விட்டது. மற்றது இன்னும் இருக்கிறது.

தறிக்காரன் மகன் அண்ணாவுக்கு: இரண்டு சேலைகளையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துளைகள் இருக்கின்றன. சிவப்புக் கரைச் சேலையைக் கொண்டுவந்து காட்ட விருப்பம். உங்கள் தறியில் அந்தக் கரை திரும்ப வருமென்றால், எண்ணுகிற வரைக்கும் நான் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

போன ஞாயிறு மீண்டும் பாலத்துக்குப் போனேன். மாம்பழ நிற வொயில். ஒரு கல்லூரி மாணவி, தோழியின் தோளுக்கு மேலால் என்னை எடுத்ததைக் கண்டேன். அன்ரி சொன்னபடி, எந்த ஊர் என்று கேட்டேன். கொக்கட்டிச்சோலை என்றாள், பயந்துவிட்டாள். எனக்கும் ஒரு பிரதி தரச் சொன்னதும், எடுத்திருந்த நான்கு படங்களையும் அனுப்பிவிட்டு, அந்த லேஸ் எங்கே வாங்கலாம் என்று கேட்டாள். இருவரும் பாலத்தின் முடிவு வரை கதைத்துக்கொண்டு நடந்தோம். இப்படி எல்லோரிடமும் பலிக்கும் என்று நான் நம்பவில்லை; மோட்டார் சைக்கிள்காரரிடம் ஊர் கேட்க எனக்குத் துணிவு வந்திருக்குமா என்பதும் சந்தேகமே.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். பின்னால் இருந்து எடுத்த ஒன்றை வெகுநேரம் பார்த்துவிட்டு, முந்தானையை இப்படித் தொங்கவிட்டது பிழை என்றார். அம்மம்மா அதைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் நடப்பாராம். எனக்கு அது இதுவரை தெரியாது.