வீட்டை விட்டு வந்த 18 வயதுப் பையனுக்குச் சென்னையில் தங்க இடம் வேண்டும்

விழுப்புரம் பக்கத்துப் பையன். அப்பாவின் அடி தாங்காமல் தீபாவளிக்கு முந்தின வாரம் கிளம்பி வந்துவிட்டான். கோயம்பேடு காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குகிறான், ராத்திரி கடை வாசலில் சாக்கு விரித்துப் படுக்கிறான். பெல்ட்டால் அடித்த காயம் முதுகில் தழும்பாகவே நின்றுவிட்டது. வீட்டுக்குப் போகச் சொன்னால் பேச்சே நின்றுவிடுகிறது. நானும் இனி வற்புறுத்த மாட்டேன்.

சிக்கல் வயதுதான். வந்தபோது 17, போன மாதம் 18 முடிந்தது. எனக்கு விஷயம் தெரிந்தது அதற்கு அப்புறம்தான். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினேன், அது 18 நிரம்பாதவர்களுக்கு. குழந்தைகள் நலக் குழுவும் அப்படியே. காவல் நிலையத்தில் அப்பாவை வரவழைக்கலாம் என்றார்கள், பையன் நடுங்கிப்போனான். வீடற்றோருக்கான இரவுக் காப்பகம் ஒன்றில் ஆதார் கேட்டார்கள். அட்டை ஊரில் இருக்கிறது, எண்ணும் தெரியாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் படம் மட்டும் போனில் வைத்திருக்கிறான்.

சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 46ஆம் பிரிவில் பின்காப்பு உதவி உண்டு. ஆனால் அது குழந்தைகள் இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியேறுகிறவர்களுக்கு. இவன் எந்த இல்லத்திலும் இருந்ததில்லை. நேற்று வரை குழந்தையாக இருந்தவனுக்கு இன்று ஒரு கதவும் இல்லை என்பது பெரிய அநியாயம்.

ஆதார் கையில் இல்லாத 18 வயதுப் பையனைச் சில மாதங்கள் தங்கவைக்கும் அரசு விடுதியோ தொண்டு நிறுவனமோ சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் எங்கே இருக்கிறது?