கோஆப் (CoAP, சிறு கருவிகள் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் முறை) சென்சார்கள் இருந்தும் இல்லாமல் போன அனுபவம் உங்களுக்கு உண்டா?

பசுமைக்குடில்_பொறுப்பு
மண் ஈரம் பார்க்கும் சென்சார்கள். மின்சாரம், நெட்வொர்க் இரண்டும் ஒரே ஸ்விட்சிலிருந்து. கேட்வே (சென்சார்களிடம் தகவல் கேட்கும் பெட்டி) 224.0.1.187 என்ற கோஆப் குழு முகவரிக்கு ஒரே ஒரு பாக்கெட் அனுப்பி 'வெல்-நோன் கோர்' கேட்டால் போதும், ஒவ்வொன்றும் தன்னிடம் என்னென்ன உண்டு என்று பதில் சொல்லிவிடும். ஸ்விட்சை அணைத்துப் போட்டால் அத்தனையும் வரும். டீ குடித்துவிட்டு வந்து கேட்டால் ஒன்றுகூட வராது. ஐபி கொடுத்து நேராகக் கேட்டால் மட்டும் உடனே பதில்!

நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் போட்டுப் பார்த்தேன். கேள்வி கேட்வேயிலிருந்து கிளம்புகிறது, சென்சார் இருக்கும் போர்ட்டுக்கு வரவே இல்லை. ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (குழுவில் சேர்ந்தவர்களின் போர்ட்டுக்கு மட்டும் குழுச் செய்தியை அனுப்பும் வசதி) ஆனில் இருக்கிறது, உறுப்பினர்களை அவ்வப்போது விசாரிக்கும் குவெரியர் இல்லை. 'இந்தக் குழுவில் இன்னும் யார் இருக்கிறீர்கள்?' என்று கேட்க ஆளில்லாததால், சுமார் 260 நொடியில் ஸ்விட்ச் எல்லோரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. குவெரியரை ஆன் செய்ததும் சரியாகிவிட்டது. ஆனால் ஸ்விட்ச் விற்றவர், "லைட் எரியுதே சார், ஸ்விட்ச் நல்லாத்தான் இருக்கு" என்று போனை வைத்தது இன்னும் மனசில் உறுத்துகிறது.

அச்சக_நெட்வொர்க்
ஸ்னூப்பிங்தான் காரணம் என்பதை ஏற்க முடியவில்லை. எங்களிடமும் ஸ்னூப்பிங் உண்டு, குவெரியர் கிடையாது. கருவிகளைப் பெயரால் தேடும் எம்டிஎன்எஸ்ஸில் பிரிண்டர்கள் ஒருநாளும் மறைந்ததில்லை. சென்சாரின் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளிருக்கும் மென்பொருளைப் பாருங்கள்.

விடுதி_வைஃபை
அச்சக நண்பரே, இரண்டும் ஒன்றல்ல. எம்டிஎன்எஸ் போவது 224.0.0.251-க்கு. 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளை ஸ்விட்ச் வடிகட்டாமல் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்று இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 4541 சொல்கிறது. கோஆப் முகவரிக்கு அந்தச் சலுகை இல்லை. டிவி தேடும் எஸ்எஸ்டிபிக்கும் இல்லை, அது 239.255.255.250. எங்கள் விடுதியில் பொது அறை டிவி போனில் கொஞ்ச நேரம் தெரியும், பிறகு மறையும். கிரிக்கெட் நடுவில் பையன்கள் பிளக்கைப் பிடுங்கிச் செருகுவார்கள், மறுபடி வரும். காரணம் அதேதான்.

பசுமைக்குடிலாரே, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். குவெரியரோடு விட்டுவிடாதீர்கள். மல்டிகாஸ்ட், அதாவது குழு முழுவதுக்கும் ஒன்றாகப் போகும் கேள்விக்கு 'கிடைத்தது' என்ற ஒப்புகை கிடையாது. வைஃபையில் போனால் வழியில் தொலைந்தாலும் மறுபடி அனுப்ப யாருமில்லை. அப்புறம், எல்லாச் சென்சாரும் ஒரே நேரத்தில் கத்தக்கூடாது என்பதற்காக 5 நொடிக்குள் ஏதோ ஒரு கணத்தில்தான் பதில் வரும். உங்கள் கேட்வே ஒரு நொடியில் கதவைச் சாத்தினால் பெரும்பாலான சென்சார்களைக் காணாது. 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9176 ரிசோர்ஸ் டைரக்டரியைப் பாருங்கள். அதில் சென்சாரே போய்ப் பதிவு செய்துகொள்ளும், கேட்வே அங்கே போய்க் கேட்டால் போதும். பதிவின் ஆயுள் தானாக 90,000 நொடி, அதாவது 25 மணி நேரம். செத்த சென்சார் ஒருநாள் முழுக்கப் பட்டியலில் நிற்கும், அதனால் அதைக் குறைத்து வையுங்கள்.

பசுமைக்குடில்_பொறுப்பு
கேட்வே 2 நொடிதான் காத்திருக்கிறது. இன்று மாலை மாற்றிப் பார்க்கிறேன். டைரக்டரியை கேட்வேயிலேயே ஓட்டலாமா, தனிப் பெட்டி வேண்டுமா?