உறுமுகிற தண்ணி மோட்டருக்கு என்ன அளவு கப்பாசிட்டர் போடுவது?

வணக்கம். நானும் இவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இருப்பது கிளிநொச்சி தருமபுரம். கொரோனாவால் 2020 மார்ச் 20 முதல் ஊரடங்கு, மகன் வவுனியாவில் நிற்கிறார், வர வழியில்லை. எங்கள் கிணற்று மோட்டர் ஞாயிறு காலை தொடக்கம் ஓடவில்லை. சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது, கொஞ்ச நேரத்தில் கொதிக்கும்.

மோட்டர் 1 குதிரைவலு, சிங்கிள் பேஸ், 230 வோல்ட், 2850 சுற்று. பெயர்த்தகட்டில் கம்பனிப் பெயர் அழிந்துவிட்டது. கரண்ட் சரி, வீட்டில் பங்காக்கள் வழமைபோல்தான் ஓடுகின்றன. மோட்டர் இறுகியும் இல்லை. கரண்டை நிறுத்திவிட்டு இவர் பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தார், லேசாகச் சுற்றுகிறது. ஒருமுறை தடியால் சுழற்றிவிட்டுப் போட ஓடித் தண்ணியும் வந்தது. நிறுத்திப் போட்டால் பழையபடி உறுமல். அந்த விளையாட்டு இனி வேண்டாம் என்று நான் மறித்துவிட்டேன்.

வழமையாகத் திருத்துகிற தம்பி போனில் கேட்டுவிட்டு, மோட்டரைச் சுற்றத் தொடக்கிவிடுகிற கப்பாசிட்டர்தான் போயிருக்கும் என்றார். கழற்றிப் பார்த்தோம், அடிப்பக்கம் ஊதிக் கிடக்கிறது. 450 வோல்ட் என்பது மட்டும் வாசிக்கலாம், மற்ற இலக்கம் கறளில் போய்விட்டது. கிளிநொச்சிக் கடைக்காரர் ஊரடங்குப் பாஸ் உள்ள மரக்கறி வண்டியில் தந்துவிடுவார், அளவு சொன்னால் போதும் என்கிறார். இப்போது வாளியால்தான் இறைக்கிறோம். சித்திரை வெயிலில் தண்ணி கீழே போய்விட்டது, இவருக்கு முழங்கால் வருத்தம் வேறு.

இதே 1 குதிரைவலு மோட்டர் வைத்திருப்பவர்கள் உங்கள் கப்பாசிட்டரில் எத்தனை மைக்ரோஃபாரட் என்று போட்டிருக்கிறது எனப் பார்த்துச் சொல்வீர்களா?