கடைக்கு ஆப் போடாம பிடபிள்யூஏ போட்டவங்க உங்க அனுபவத்தச் சொல்லுங்க

சிராங்கூன்ரோடு_மளிகை

வணக்கம் எல்லாருக்கும். சின்ன கடை வச்சிருக்கவங்க "ஒரு ஆப் பண்ணிடலாமா"ன்னு கேட்டா இப்பல்லாம் நான் சொல்ற பதில் ஒண்ணுதான், மொதல்ல பிடபிள்யூஏ, அது பத்தலன்னா ஆப். பிடபிள்யூஏன்னா புரோக்ரெசிவ் வெப் ஆப், 2015ல கூகிள் குரோம் எஞ்சினியர் அலெக்ஸ் ரஸ்ஸலும் டிசைனர் ஃபிரான்செஸ் பெரிமனும் அந்தப் பேர வச்சாங்க, விஷயம் என்னன்னா நம்ம வெப்சைட்டேதான், ஆனா ஹேண்ட்போன் முகப்புல ஐகானா உக்காந்துக்கும், தட்டுனா பிரவுசர் பட்டை எதுவும் இல்லாம முழுத்திரையில திறக்கும், ஒருவாட்டி பாத்த பக்கத்த போன்லயே எடுத்து வச்சுக்கும், அதனால லைன் போனாலும் வெள்ளையா நிக்காது.

எங்க மாமாவுக்கு சிங்கப்பூர்ல சிராங்கூன் ரோடு பக்கம் மளிகைக்கடை, மசாலாவும் அரைச்சுக் குடுக்குறோம், சனி ஞாயிறு கல்லாவுல நான் உக்காருவேன். ஆப் பண்ணணும்னு ஒரு கம்பெனிய கூப்பிட்டுப் பேசினப்ப ஆண்ட்ராய்டுக்கு ஒரு விலை ஐபோனுக்கு ஒரு விலைன்னு ரெண்டா போட்டுக் குடுத்தாங்க, அது போக ஆப்பிளுக்கு வருஷா வருஷம் 99 அமெரிக்க வெள்ளி, கூகிளுக்கு ஒரு தடவை 25. சரி, காசக்கூட சமாளிச்சிடலாம். ஆனா வாங்க வர்றவங்க ஏத்திக்கணுமே. 2023ல அந்த ஏபிகே மோசடி (ஏபிகேன்னா ஆப் ஸ்டோர் வழியா வராம நேரா ஏத்துற ஆண்ட்ராய்டு ஆப் ஃபைல்) ஓடுச்சு ஞாபகம் இருக்கா, மீன் ஆர்டர் பண்ணு, ஏர்கான் சர்வீஸ் பண்ணுன்னு விளம்பரம் போட்டு ஆப்ப ஏத்த வச்சு பேங்க்ல இருந்தத துடைச்சு எடுத்தாங்க, போலீஸ் எச்சரிக்கை மேல எச்சரிக்கை விட்டாங்க, 2024 பிப்ரவரியில கூகிளே வெளியிலருந்து ஏத்துற ஆபத்தான ஆப்ப தடுக்கிற சோதனைய சிங்கப்பூர்லதான் மொதல்ல ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் கடையில ஆப்னு வாயத் திறந்தாலே "வேணாம் தம்பி, என் மவன் எதையும் டவுன்லோடு பண்ணக்கூடாதுன்னு சொல்லியிருக்கான்"னு பாட்டிங்க கைய ஆட்டிடுவாங்க. அவங்க மகன் சொன்னது சரிதான், அதுல நான் குறுக்க பேச மாட்டேன்.

அதே பாட்டிங்கதான் சிடிசி பற்றுச்சீட்டு, அதான் கடையில செலவு பண்ண அரசாங்கம் வீட்டுக்கு வீடு குடுக்குறது, கொண்டு வந்து காட்டுறாங்க. 2021 டிசம்பர்ல அது டிஜிட்டலா வந்தப்ப வீட்டுக்கு 100 வெள்ளி, வீட்டுக்காரங்க எதையும் ஏத்த வேண்டியதில்ல, எஸ்எம்எஸ்ல வர்ற லிங்க்க தொட்டா கியூஆர் வந்துடும், ஸ்கேன் பண்ற கடைக்காரன் பக்கம்தான் ஆப். அது பிடபிள்யூஏவா இல்லையாங்கிறது வேற பேச்சு, ஆனா நம்ம ஊர்ல பெரியவங்களுக்கு எது கைக்கு வரும்னு அத பாத்தே தெரிஞ்சுக்கலாம். லிங்க் வரும். ஆப் ஸ்டோரும் பாஸ்வேர்டும் வராது.

அதனால பிடபிள்யூஏ போட்டோம். லிங்க் வாட்ஸாப்ல போகும், கல்லா பக்கத்துல கியூஆர் ஒட்டியிருக்கு, பணம் பேநவ்ல, அதாவது பேங்க்லருந்து பேங்க்குக்கு உடனே அனுப்புற வழியில, நேரா கடை கணக்குக்கு. முன்னாடி ஆர்டர் எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான், "இட்லி அரிசி அஞ்சு கிலோ, அப்புறம் அன்னைக்கு வாங்கினேன்ல அந்தப் பச்சை பாக்கெட்டு, அதுல ரெண்டு"ன்னு வரும், மாமா அத மூணு நாலு தரம் போட்டுக் கேட்டுட்டு கடைசியில போன் பண்ணி கேப்பாரு. இப்ப திறந்தவுடனே "போன மாசம் வாங்கினது"ன்னு ஒரு பட்டன், தொட்டா பழைய லிஸ்ட்டு அப்படியே வரும், பச்சை பாக்கெட்டு படத்தோட. எங்க கடையில அதிகமா தொடுற பட்டன் அதுதான். டெலிவரி ஆப்புங்க பில்லுல 30 சதவீதம் வரைக்கும் எடுக்குறாங்க, மளிகையில அவ்வளவு லாபமே கிடையாது, எங்க கிடைக்கும். வாங்குனவங்க நம்பரும் அவங்ககிட்டயே தங்கிடும். இப்ப அது எங்ககிட்ட இருக்கு.

உங்க கதைய சொல்லுங்க. நல்லதும் கெட்டதும்.

துவாஸ்_சாப்பாடு

அண்ணே நாங்க துவாஸ், சுங்கை காடுட் பக்கம் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குற டார்மிட்டரிக்கு கேட்டரிங் போடுறோம். நம்ம பசங்க கையில இருக்கிறது பாதிக்கு மேல 32 ஜிபி போன்தான், அதுல ஊர்ல இருந்து வந்த வீடியோ, புள்ள போட்டோ, வீட்டுக்குப் பணம் அனுப்புற ஆப்பு, எப்பப் பாத்தாலும் மெமரி ஃபுல். புள்ள போட்டோவ அழிச்சிட்டு எங்க ஆப்ப ஏத்துடான்னு ஒருத்தன்கிட்ட எப்படிண்ணே சொல்றது. எங்க பிடபிள்யூஏ மெனு படத்தோட சேத்து 1 எம்பி கூட வராது, படத்த எல்லாம் நல்லா சுருக்கிப்புட்டோம், பிரீபெய்டு டேட்டாவுல ஒண்ணும் கரையாது. தமிழ்லயும் வங்காளத்துலயும் மாத்திக்கலாம்.

மறுநாளைக்கு சோறா சப்பாத்தியா, வெஜ்ஜா மீனான்னு முந்தின நாள் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும், அப்பதான் விடியக்காலம் அடுப்பு பத்த வைக்க அளவு தெரியும். முன்னாடி சூப்பர்வைசர் ஒரு தாள்ல எழுதி போட்டோ புடிச்சு அனுப்புவாரு, பாதி பேர் விட்டுப்போகும். குறுக்குத் தீவு ரயில்பாதை வேலையில சில பசங்க கீழ ஆழத்துல நிக்கிறாங்க, அங்க லைன் கிடைக்காது, டீ டைம்ல போன எடுத்து மீன்னு தொட்டு வச்சா போதும், அது போன்லயே இருக்கும், ஆளு மேல வந்து லைன் கிடைச்சதும் தானா எங்களுக்கு வந்துடும். ஆண்ட்ராய்டு குரோம்ல இதுக்கு பேக்ரவுண்ட் சிங்க்னு பேராம், செஞ்சு குடுத்த தம்பி சொன்னாப்ல. இதுக்குத்தான் நான் காசு குடுத்தேன்னு சொல்லலாம். ஒருத்தன் பன்னெண்டு மணி நேரம் வேலை பாத்துட்டு வந்து கேக்காத சாப்பாட்ட பிரிக்கக்கூடாதுண்ணே.

பொங்கோல்_பலகாரம்

ஐபோன் பத்தி யாரும் இன்னும் சொல்லல, அதனால நான் சொல்றேன். நான் எச்டிபி, அதான் அரசாங்க அடுக்குமாடி வீட்டுல இருந்தே பலகாரம் பண்றேன், தீபாவளிக்கு முறுக்கு, அச்சு முறுக்கு, அதிரசம். எனக்கு வர்றவங்கள்ல ஐபோன்காரங்கதான் ஜாஸ்தி, அவங்கள்ல பலர் இன்ஸ்டாகிராம்ல இருந்து வர்றாங்க. இன்ஸ்டால லிங்க்க தொட்டா இன்ஸ்டாவுக்குள்ளயே ஒரு பிரவுசர் திறக்கும், அதுல இருந்து முகப்புல ஐகான் வைக்க வழியே கிடையாது. மூணு புள்ளிய தொட்டு வெளி பிரவுசர்ல திறக்கணும், அப்புறம் அம்பு மேல பாக்குற ஷேர் சதுரத்த தொடணும், கீழ தள்ளிக்கிட்டே போனா ஆட் டு ஹோம் ஸ்கிரீன் வரும். ஆண்ட்ராய்டுல குரோமே "ஏத்திக்கிறியா"ன்னு கேக்கும், ஆப்பிள் கேக்காது, கேக்க நம்மளையும் விடாது. இத சொல்லாம "எல்லா போன்லயும் ஓடும்"னு மட்டும் சொல்லி விக்கிறவங்க மேல எனக்குக் கோவம் வரும்.

நான் என்ன பண்றேன்னா பலகார டப்பாவுக்குள்ள ஒரு சின்ன கார்டு வைக்கிறேன், இந்த மூணு படியும் படமா இருக்கும். வீட்டுல பேரப்புள்ளைங்க யாராச்சும் செஞ்சு குடுத்துடுறாங்க. இவ்வளவு மெனக்கெடுறதுக்குக் காரணம் இருக்கு, ஐபோன்ல வெப் நோட்டிஃபிகேஷனே 2023 மார்ச்ல ஐஓஎஸ் 16.4 வந்தப்பதான் வந்துச்சு, அதுவும் முகப்புல ஐகான் வச்சவங்களுக்கு மட்டும். அதிரசம் சூடா இறங்குனதும் "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து எடுத்துக்கலாம்"னு ஒரு வரி போனா அன்னைக்கே காலி.

இன்னொண்ணு, இத தயவுசெஞ்சு எல்லாரும் கேட்டுக்குங்க. பக்கம் திறந்த உடனே "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா"ன்னு கேக்க வைக்காதீங்க. யாரா இருந்தாலும் வேணாம்னுதான் தொடுவாங்க, ஒருதரம் வேணாம்னு தொட்டுட்டா மறுபடி கேக்க முடியாது, அவங்களே செட்டிங்ஸ்ல போய் தேடி மாத்துனாத்தான் உண்டு. என்னோடதுல ஆர்டர் போட்டு பணமும் கட்டினப்புறம்தான் "உங்க பலகாரம் ரெடியானதும் சொல்லட்டுமா"ன்னு வரும். அந்த நேரத்துல வேணாம்னு யாரும் சொல்றதே இல்ல.

பீஷான்_டியூஷன்

என் அனுபவம் கசப்பு. பிடபிள்யூஏன்னு சொல்லி காசு வாங்கிட்டு ஒருத்தர் வெறும் வெப்சைட்டுக்கு ஐகான் மட்டும் போட்டுக் குடுத்துட்டாரு. பிள்ளைங்க எம்ஆர்டி ரயில்ல வர்றப்ப பாக்கட்டும்னு பயிற்சித்தாள் எல்லாம் போட்டு வச்சேன், லைன் கொஞ்சம் மக்கர் பண்ணாலும் ஒண்ணும் திறக்கல. இப்ப யார் கேட்டாலும் நான் சொல்றது, கடைசி தவணைய குடுக்குறதுக்கு முன்னாடி அவங்க எதிர்க்கவே போன ஏரோபிளேன் மோடுல போட்டு ஐகான தொட்டுப் பாருங்க. திறந்தா குடுங்க.

ஜூரோங்_கோடர்

டீச்சர் சொன்ன சோதனை ரொம்பச் சரி, நானே என் வாடிக்கையாளர்ங்ககிட்ட அதத்தான் செஞ்சு காட்டுறேன். இந்த வேலையிலதான் பல வருஷமா இருக்கேன், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்குங்க.

உள்ள மூணு சாமான்தான். எச்டிடிபிஎஸ், அதாவது நடுவுல யாரும் படிக்க முடியாத பாதுகாப்பான இணைப்பு, கட்டாயம். மேனிஃபெஸ்ட்னு ஒரு சின்ன ஃபைல், அதுல பேரு, ஐகான், நிறம். மூணாவது சர்வீஸ் வொர்க்கர், இதுதான் உயிர், டீச்சருக்குக் குடுக்காம விட்டது இதத்தான். பக்கத்துக்கும் நெட்டுக்கும் நடுவுல நிக்கிற ஒரு காவல்காரன் அது, எத கையில இருக்கிறதுல இருந்து குடுக்கணும், எத வெளிய போய் வாங்கிட்டு வரணும்னு முடிவு பண்றது அதுதான். இந்த முடிவ தப்பா எழுதினா கடைக்கே நஷ்டம். ஒரு சாப்பாட்டுக்கடைக்கு என்னைய கூப்பிட்டாங்க, வேற யாரோ எழுதிட்டுப் போனது, விலைய ஏத்தி வாரக்கணக்கா ஆகியும் பழைய ஆளுங்க போன்ல பழைய விலைதான் காட்டுது, கல்லாவுல தினம் சண்டை. எழுதினவரு விலையையும் லோகோவையும் ஒரே மாதிரி "எப்பவும் சேமிச்சதுல இருந்து குடு"ன்னு போட்டிருந்தாரு. லோகோ, எழுத்துரு, படம் எல்லாம் சேமிச்சதுல இருந்து வரட்டும், விலையும் இருப்பும் மட்டும் மொதல்ல நெட்ல கேட்டுட்டு கிடைக்கலன்னாத்தான் பழசு, அதுவும் "இது நேத்தைய விலை"ன்னு எழுதிக் காட்டணும். தமிழ் எழுத்துருவ சேமிக்க மறந்துடாதீங்க, அதுவே பக்கத்துல பெரிய சுமை.

பலன் பத்தி பெரிய கம்பெனிங்க வெளியிட்ட கணக்கு இருக்கு. எனக்குப் பிடிச்சது ஃப்ளிப்கார்ட். 2015ல ஆப் மட்டும் போதும்னு மொபைல் வெப்சைட்டையே மூடினாங்க, அதே வருஷம் நவம்பர்ல ஃப்ளிப்கார்ட் லைட்னு பிடபிள்யூஏவா திரும்பி வந்தாங்க, முகப்பு ஐகான் வழியா வந்தவங்க வாங்குறது 70 சதவீதம் கூடுதலா இருந்துச்சுன்னு சொன்னாங்க. ட்விட்டர் லைட் 2017ல, ஒருத்தர் ஒரு தடவைக்குப் பாக்குற பக்கம் 65 சதவீதம் ஏறுச்சு. ஸ்டார்பக்ஸ் பிடபிள்யூஏ 233 கேபி, அவங்க ஐபோன் ஆப் 148 எம்பி. இந்த எண்கள அப்படியே உங்க கடைக்குப் பெருக்கிப் பாக்காதீங்க, ஐகான் வைக்கிறவன் ஏற்கெனவே வாங்கணும்னு இருக்கிறவன்தானே. ஆனா துவாஸ் அண்ணன் சொன்ன மெமரி கதை இந்த கேபி எம்பி கணக்குலயே தெரியுது பாருங்க.

முடியாததையும் சொல்லிடணும். திரை அணைஞ்சிருக்கப்ப டெலிவரி தம்பி எங்க வர்றாருன்னு தொடர்ந்து பாக்கணுமா, பிடபிள்யூஏ வேணாம், ஆப்தான். கோவிட்ல பாத்தோமே, கடை வாசல்ல சேஃப்என்ட்ரி கியூஆர ஸ்கேன் பண்ணா வெப் பக்கமே போதுமா இருந்துச்சு, ஆனா பக்கத்துல யார் நின்னான்னு புளூடூத்ல பாக்க வேண்டிய டிரேஸ்டுகெதருக்கு வெப் பக்கம் பத்தல, ஆப்போ கையில வச்சுக்கிற டோக்கன் கருவியோ வேண்டியிருந்துச்சு. உங்க வேலை இதுல எந்த வகைன்னு மொதல்ல பாருங்க.

ஐபோன்ல இன்னும் ஒண்ணு, பொங்கோல் அக்கா சொன்ன கார்டுக்கு இது கூடுதல் காரணம். ஐபோனோட பிரவுசர் சஃபாரில வெறுமனே திறந்துட்டு, சஃபாரிய பயன்படுத்துற நாள் கணக்குல ஏழு நாள் அந்தப் பக்கத்த தொடாம விட்டா, பக்கம் சேமிச்சு வச்சத சஃபாரி அழிச்சிடும், பாதில விட்ட கூடை போயிடும். முகப்புல வச்சா அந்தத் தொல்லை இல்ல. 2024 பிப்ரவரியில ஐரோப்பாவுல முகப்பு வெப் ஆப்பையே எடுத்துடப் போறதா ஆப்பிள் சொன்னாங்க, எதிர்ப்பு வந்து மார்ச் 1ம் தேதி வாபஸ் வாங்கினாங்க. இங்க நமக்கு ஒண்ணும் ஆகல, ஆனாலும் வாடிக்கையாளர் நம்பர், ஆர்டர் விவரம் எல்லாம் போன்ல மட்டும் இருக்கக்கூடாது, உங்க சர்வர்ல இருக்கணும்னு நான் அடிச்சுச் சொல்றதுக்கு அதுதான் காரணம்.

சிராங்கூன்ரோடு_மளிகை

ரொம்ப நன்றி அண்ணே. மானியம் பத்தி தனியா கேட்டவங்களுக்கு: பிஎஸ்ஜில, அதான் சின்ன கம்பெனிங்க தொழில்நுட்பம் வாங்க சிங்கப்பூர் அரசாங்கம் குடுக்குற மானியம், 50 சதவீதம் வரைக்கும் கிடைக்கும், ஏற்கெனவே ஒப்புதல் வாங்குன விற்பனையாளரோட தீர்வா இருக்கணும், கம்பெனியில உள்ளூர் பங்கு 30 சதவீதமாவது இருக்கணும், முக்கியமா காசு கட்டுறதுக்கு முன்னாடியே விண்ணப்பம் போடணும்.

தேக்கா_பூக்கடை

கோடர் அண்ணே ரெண்டு கேள்வி. முகூர்த்த நாள்ல கையெல்லாம் நாரும் ஈரமுமா இருக்கும், போன தொட முடியாது, ஆர்டர் வந்ததும் பிரிண்டர் தானா அடிக்குமா? அப்புறம் ஐகானுக்குக் கீழ கடை பேர தமிழ்லயே வைக்கலாமா, அத்தை ஆசைப்படுறாங்க.

ஜூரோங்_கோடர்

அடிக்கும்மா. கடையில ஒரு ஆண்ட்ராய்டு டேப்லட்ட சார்ஜ்லயே போட்டு குரோம்ல திறந்து வைங்க, பிரிண்டர மொதல் தடவை கையால இணைக்கணும். புளூடூத்னா பிஎல்இ, அதாவது கம்மி கரண்ட் இழுக்குற புது வகையான்னு கேட்டு வாங்குங்க, பழைய வகை புளூடூத் பிரிண்டர் பிரவுசர்ல இருந்து பேசாமப் போகலாம், யூஎஸ்பின்னா பெரும்பாலும் சமாளிச்சிடலாம். ஐபேட் வேணாம், சஃபாரில இந்த வசதியே இல்ல.

பேரு தாராளமா தமிழ்ல வைக்கலாம். மேனிஃபெஸ்ட்ல பேருக்கு ரெண்டு இடம் இருக்கும், நீளமான பேரு ஒண்ணு, ஐகானுக்குக் கீழ வர்ற சின்ன பேரு ஒண்ணு. சின்னத 12 எழுத்துக்குள்ள வைக்கச் சொல்வாங்க, நம்ம கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் அது தனித்தனியா எண்ணும், எழுத்தும் அகலம், அதனால ஏழெட்டு எழுத்துக்குள்ள முடிச்சுக்குங்க. முழுப்பேர நீளமான இடத்துல போட்டா ஆண்ட்ராய்டுல திறக்குறப்ப திரையில வரும், அத்தைகிட்ட அத காட்டுங்க.