ஆள் வராத தங்கம்

கித்தாக்காடு: தண்ணீரில் நீந்திக்கொண்டே ஆடும் வாட்டர் போலோவில் பயிற்சியாளர் ராட்கோ ருடிச்தான் ராஜா, ஜார்மதியெல்லாம் அப்புறம் என்று நேற்று இங்கே யாரோ அளந்திருந்தார். காலையிலேயே எரிச்சல். ஹங்கேரியின் தெஷோ ஜார்மதி 1952, 1956, 1964 மூன்றிலும் தானே தண்ணீரில் இறங்கி ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். 1976இல் பயிற்சியாளராக நாலாவது தங்கம். பயிற்சியாளராக ருடிச்சின் முதல் தங்கம் 1984. சோவியத்தும் ஹங்கேரியும் ஒலிம்பிக்கைப் புறக்கணித்த ஆண்டு. ஆள் வராத தங்கம்!

செம்பனை: அந்த யாரோ நான்தான், அண்ணே. சரி, 1984ஐக் கழியுங்கள். 1988 யூகோஸ்லாவியா, 1992 இத்தாலி, 2012 குரோஷியா. லண்டன் இறுதியில் தன் பழைய இத்தாலியையே 8-6 என்று கவிழ்த்தார்.

கித்தாக்காடு: நீயே கழித்துவிட்டாய். சந்தோஷம்.

செம்பனை: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

கித்தாக்காடு: கழித்தது கழித்ததுதான். அந்த 1984கூட அமெரிக்காவோடு 5-5 சமன், கோல் வித்தியாசத்தில் தேறிய தங்கம். 1956 மெல்போர்னைப் பார். சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதே சோவியத்தை ஹங்கேரி 4-0 என்று வென்றது. ஹங்கேரியின் எர்வின் ஸாடோர் கண்ணோரம் கிழிந்து இரத்தம் வழிய ஏறி வந்தார். அங்கே ஆள் வந்தது!

ரொட்டிசானாய்: 1980 மாஸ்கோவுக்கு அமெரிக்கா போகவில்லை. அங்கே ஜார்மதி பயிற்சி கொடுத்த அணிக்கு வெண்கலம். அதையும் கழிக்கலாமா? தகுதி பெற்ற நம் மலேசியக் காற்பந்து அணியும் போகவில்லை. அதனால் செக்கோஸ்லோவாக்கியா வாங்கிய தங்கம் தகரமா?

கித்தாக்காடு: 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் கோல் காக்கப் போயிருந்தால் செக்கோஸ்லோவாக்கியாவுக்குத் தெரிந்திருக்கும். பேச்சை மாற்றாதே. 1984!

செம்பனை: ஆள் வராத கோப்பையைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்களா? திருவிழாக் காற்பந்தில் எங்கள் லாரி பழுதாகி வராததால் கிடைத்த கோப்பை, இன்னும் உங்கள் வீட்டு டிவி மேல் பிளாஸ்டிக் மாலையோடு நிற்கிறதே?

கித்தாக்காடு: அது விதிமுறை. அரை மணி நேரம் மழையில் நின்றோம். லாரி ஓட்டியது உன் மாமா. டயரைப் பார்க்க வேண்டியது யார்?

செம்பனை: மாமாவை இழுக்க வேண்டாம், சொல்லிவிட்டேன்.

ஈயக்குட்டை: சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு ஹங்கேரிக்குச் சண்டையா? காலைத் தரையில் ஊன்றாமல், ஒரே கையால் பந்தைப் பிடித்து, நாலு கால்பகுதி ஆடிப் பாருங்கள். பக்கத்துச் சிங்கப்பூர் 1965 முதல் 2017 வரை தென்கிழக்காசிய 'சீ' போட்டியில் வாட்டர் போலோவுக்குத் தொடர்ந்து 27 தங்கம்.

கித்தாக்காடு: 2019இல் இந்தோனேசியா கொண்டுபோயிற்று. அது கிடக்கட்டும். 1984க்குப் பதில் எங்கே?

செம்பனை: முதலில் கோப்பையைத் திருப்பிக் கொடுங்கள்.

கித்தாக்காடு: மறுபடி ஆட வா, எடுத்துக்கொள். இந்த முறை பஸ்ஸில் வா.