எல்லாத் தொட்டிக்கும் ஒரே குவளை

மொட்டைமாடி, சென்னை:
காபிக்கு முன்னால் மாடியேறி, தொட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாய் மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குவளை தண்ணீர். ஆலுக்கும் அதே, அடீனியம் என்கிற பாலைவன ரோஜாவுக்கும் அதே. ஆல் ஒன்றும் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் அடீனியம் மட்டும் இலை மஞ்சளித்துக் கொட்டியது. தாகம் போல என்று இன்னொரு குவளை ஊற்றினேன்! பருத்த அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்தினால், பழுத்த சப்போட்டா மாதிரி உள்ளே போகிறது. வேரோடு பிடுங்கி, அழுகியதை நல்ல சதை தெரியும்வரை சீவி எடுத்து, பத்து நாள் நிழலில் சும்மா போட்டுவைத்தேன். வெட்டு காய்ந்ததும் ஆற்றுமணலில் உடைத்த செங்கல் கலந்து நட்டேன். பிழைத்துக்கொண்டது. அந்த அடித்தண்டுதான் அதன் தண்ணீர்த் தொட்டி. நான் வேறு தினமும் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போதெல்லாம் மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் குவளையை எடுப்பது. மழை வந்தால் அது சன்ஷேடுக்கு அடியில்.

ஆலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எங்கே வெட்டினாலும் பால் வடியும், மொட்டைக் கிளையிலும் துளிர்க்கும். கோடையில் வேகமாகப் பருப்பதால் கிளையை வளைக்கக் கட்டிய கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும், அது ஒன்றுதான் தொல்லை.

காகிதப்பூ, மதுரை:
கம்பி என்றதும் ஞாபகம் வருகிறது. ஆல் வளைகிறதே என்று காகிதப்பூவின் முற்றிய கிளையை வளைத்தேன். 'டப்'. கையில் முள் கீறியது தனி. இளந்தண்டிலேயே கம்பி கட்டியிருக்க வேண்டும். அப்புறம், இலை லேசாகத் துவளும்வரை காயவிட்டால்தான் என் செடி பூக்கிறது. தினமும் ஊற்றினால் இலையும் முள்ளும்தான்.

மலைக்காரி, ஊட்டி:
சென்னையில் இருக்கும் தம்பிக்கு குளிர்ப் பிரதேச ஊசியிலை மரமான ஜூனிபர் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். போனில் கேட்கும்போதெல்லாம் "பச்சையாத்தான்க்கா இருக்கு" என்பான். நேரில் போய் நகத்தால் பட்டையைச் சுரண்டினேன், உள்ளே காய்ந்த பழுப்பு. செத்துப் பல வாரம் ஆனாலும் அதன் தழை பச்சை மாறாது. குளிரில் ஓய்வெடுக்க வேண்டிய மரம், சென்னையில் எங்கே போய்த் தூங்கும்? தழையை முழுக்கக் கழித்த கிளையும் அதில் திரும்பத் துளிர்க்காது. ஆலை வெட்டிப் பழகிய தைரியத்தில் கத்தரியைத் தூக்காதீர்கள்.

இங்கே பாவம் என் ஆல்தான். மார்கழிப் பனிக்குப் பாதி இலையை உதிர்த்துவிட்டு, சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது.