அண்மை அகச்சிவப்புக் கரிம ஒளியுணரி: சொல்லாக்கம் குறித்து

நண்பர்களுக்கு மொரீசியசிலிருந்து வணக்கம்.

கார்பன் சார்ந்த மூலக்கூறுகளாலான மென்படலத்தைக் கொண்டு, சிவப்பை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை உணரும் கருவிக்கு (ஆங்கிலத்தில் near-infrared organic photodetector) தமிழ்ப்பெயர் தேடுகிறோம். அதற்கு முன்மொழியப்பட்டிருக்கும் 'கரிம அகச்சிவப்பு உணரி' சுருக்கமான சொல்தான். ஆயினும் அதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. தமிழில் அடைமொழி தனக்கு அடுத்து நிற்கும் சொல்லையே முதலில் பற்றுவதால், 'கரிம அகச்சிவப்பு' என்று படிப்பவர் அகச்சிவப்பிலேயே கரிம வகை ஒன்று உண்டு என்று கொள்ளக்கூடும். கரிமம் என்பது ஒளியின் தன்மையன்று, அதை உணரும் மென்படலத்தின் தன்மை. ஆகவே அது உணரியை ஒட்டியே நிற்க வேண்டும்.

'அண்மை' என்பதையும் விட்டுவிடலாகாது. அகச்சிவப்பு என்றதும் பலருக்கும் உடல் வெப்பத்தைக் காட்டும் படக்கருவிதான் நினைவுக்கு வருகிறது. அது ஏறத்தாழ 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களில் இயங்குவது. நாம் பெயரிட முயலும் கருவியோ, விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜனை அளக்கும் கருவி பயன்படுத்தும் 940 நானோமீட்டர் போன்ற, சிவப்பை ஒட்டிய அலைநீளங்களுக்கு உரியது. இங்குள்ள பிள்ளைகள் அறிவியலைத் தமிழில் பயில்வதில்லை. தமிழ் அவர்களுக்கு ஒரு மொழிப்பாடம் மட்டுமே. ஆகவே பாடநூலின் துணையின்றிச் சொல்லே பொருளைத் தாங்கியாக வேண்டும். பிரெஞ்சில் இதே ஒளியை 'ப்ரோஷ் அன்ஃப்ராரூஷ்' என்பர்; 'ப்ரோஷ்' என்றால் அண்மை என்று அறிந்த பிள்ளைகளுக்கு நம் சொல் உடனே விளங்கும்.

கண்ணுக்குப் புலப்படாததை 'ஒளி' என்று சொல்லலாமா என்ற கேள்வியும் எழுந்தது. சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. இக்கருவி சூடேறி உணர்வதில்லை. மின்னணுவைத் தரும் மூலக்கூறும் ஏற்கும் மூலக்கூறும் கலந்த படலம் ஒளித்துகளை விழுங்க, அங்கே பிரியும் மின்னூட்டங்களே மின்னோட்டமாகின்றன. 'ஒளியுணரி' என்றால்தான் இது வெப்பவுணரியிலிருந்து வேறுபட்டு நிற்கும்.

'கரிம' என்பதற்கு இலங்கையில் வழங்கும் 'சேதன' என்ற சொல்லை மதிக்கிறேன். ஆனால் சேதனம் என்பதற்கு அறிவு, உணர்வு என்றும் பொருள் உண்டு. உணரிக்கு முன்னால் அது வந்தால் உணர்வுடைய உணரி என்று பொருள் மயங்கும். 'இயற்கை' என்றாலோ எண்ணம் இயற்கை வேளாண்மைக்குப் போய்விடும். 'கரிமம்' என்பதிலும் எங்களுக்கு ஒரு சிறு இடர் உண்டு: இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலில் 'கரி' என்றால் குழம்பு. அடுப்புக்கரியைக் காட்டி ஒருமுறை விளக்கினால் அது தீர்ந்துவிடும்.

எனவே 'அண்மை அகச்சிவப்புக் கரிம ஒளியுணரி' என்பதை முன்வைக்கிறேன். கட்டுரைகளில் முதல்முறை முழுமையாகவும், பின்னர் 'கரிம ஒளியுணரி' என்றும் எழுதலாம். வல்லினம் மிகும் 'க்'கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.